கார்டு ஸ்டேட்மென்டில் நான் செய்யாத மூன்று பரிவர்த்தனைகள், முதலில் எங்கே தொடங்குவது?

வெண்முகில்:

வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்தது. வழக்கமாக மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடுவேன். இந்த மாதம் மொத்தம் கூடுதலாகத் தெரிந்ததால் வரி வரியாகப் பார்த்தேன். மூன்று வரிகள் என்னவென்றே புரியவில்லை.

முதல் வரி 4ஆம் தேதி. மிகச் சின்னத் தொகை, ஒற்றை நாணயத்தில் அடங்கிவிடும். இரண்டாவது 6ஆம் தேதி, அதே பெயர்தான், ஆனால் தொகை பெரிது, மாத பில்லில் கால்வாசி வரும். பெயர் என்று பார்த்தால் எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கிறது, கடைசியில் வேறு ஏதோ நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு. மூன்றாவது 19ஆம் தேதி, நடுத்தரத் தொகை. ஒரு நட்சத்திரக் குறி போட்டு அதற்குப் பின்னால் 'ஹோல்டிங்ஸ்' என்று முடியும் ஒரு நிறுவனத்தின் பெயர். அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதே கணக்கில் என் கணவரிடம் ஓர் ஆட்-ஆன் கார்டு இருக்கிறது. அவரும் தெரியாது என்கிறார். கார்டு எங்கள் கையில்தான் இருக்கிறது, தொலையவில்லை. ஓடிபி எதுவும் வந்த மாதிரி நினைவில்லை. கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன. இப்போது மூன்றையும் சேர்த்து மோசடி என்று வங்கியில் சொல்லிவிடலாமா? அந்தப் பணத்தைக் கட்டாமல் வைத்திருக்கலாமா, கட்டாவிட்டால் வட்டி ஏறுமா? ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழையவானொலி:

மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்து முடித்ததும் வங்கி ஆப்பைத் திறந்து கார்டைத் தற்காலிகமாக லாக் செய்யுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் ஆன்லைன் பரிவர்த்தனைக்கும் தனித்தனி சுவிட்ச் இருந்தால் இரண்டையும் அணைத்து வையுங்கள். சின்னத் தொகை போய் இரண்டே நாளில் பெரிய தொகை போயிருக்கிறது என்றால் அந்த எண் வேலை செய்கிறது என்று எவனோ சோதித்துப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். ஸ்டேட்மென்ட் போட்ட தேதிக்குப் பிறகு ஏதாவது போயிருக்கிறதா என்று 'பில் ஆகாத பரிவர்த்தனைகள்' பகுதியையும் பாருங்கள், எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.


கணக்கன்நான்:

நான் ஒரு வங்கியின் டிஸ்ப்யூட் பிரிவில், அதாவது வாடிக்கையாளர் மறுக்கும் பரிவர்த்தனைகளை விசாரிக்கும் பிரிவில், ஆறு வருடம் வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் அழைப்பில் வாடிக்கையாளர் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் பாதி விஷயம் முடிவாகிறது.

தெரியாத பெயர் வேறு, செய்யாத பரிவர்த்தனை வேறு. நீங்கள் சொன்ன மூன்று வரிகளில் முதல் இரண்டும் ஒரு ஜாதி, மூன்றாவது வேறு ஜாதி என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மோசடி என்று கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்டேட்மென்டில் கடைக்காரர் பெயருக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது. விசா, மாஸ்டர்கார்டு என்று கார்டு நெட்வொர்க்கைப் பொறுத்து 22 அல்லது 25 எழுத்துதான், அப்புறம் ஊர், அப்புறம் இரண்டெழுத்தில் நாடு. அதில் பல நிறுவனங்கள் பலகையில் இருக்கும் பெயரைப் போடாமல் பதிவு செய்த சட்டப்பூர்வப் பெயரையோ தாய் நிறுவனத்தின் பெயரையோ போடுகின்றன. நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் நடுவில் ஓர் இடைத்தரகர் இருக்கிறார். பேபால் வழியாகப் போனால் பேபால் என்று எழுதி நட்சத்திரம் போட்டு விற்பவர் பெயர் வரும், கூகிள் வழியாக வாங்கிய ஆப் சந்தாவும் அதே மாதிரிதான். அதனால் நட்சத்திரத்துக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் துப்பு இருக்கும்.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். பெயரை வைத்துத் தேடாதீர்கள், தொகையை வைத்துத் தேடுங்கள். மின்னஞ்சல் பெட்டியில் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தோடு அப்படியே அந்த எண்ணை அடித்துப் பாருங்கள். ரசீது எந்தப் பெயரில் வந்திருந்தாலும் தொகை மாறாது. வெளிநாட்டு நாணயமாக இருந்தால் ஸ்டேட்மென்டிலேயே மூலத் தொகை பக்கத்தில் இருக்கும், அதைப் போட்டுத் தேட வேண்டும். கணவரின் மின்னஞ்சல், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் டேப்லெட்டில் இணைந்திருக்கும் கணக்கு, இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். பிறகு போன மாத, அதற்கு முந்தைய மாத ஸ்டேட்மென்டை எடுத்து அதே தேதியை ஒட்டி அதே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சந்தா. இலவச சோதனை என்று கார்டு எண்ணைக் கொடுத்து, 7 நாளோ 30 நாளோ கழித்து அது கட்டணமாக மாறிய சந்தாதான் இந்தக் குழப்பத்தில் நான் அதிகம் பார்த்தது. முதல் முறை மட்டும் ஓடிபி கேட்டிருக்கும், அடுத்தடுத்த மாதங்களில் கேட்காது.

இப்படித் தேடியும் கிடைக்காவிட்டால் வங்கியில் அந்த வணிகரின் வகைக் குறியீட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு, வங்கி ஊழியரின் திரையில் அது தெரியும். 5816 என்றால் ஆன்லைன் விளையாட்டு, 5815 என்றால் டிஜிட்டல் புத்தகம், படம், இசை, 4121 என்றால் டாக்ஸி, 7995 என்றால் சூதாட்டம். நிறையப் பேருக்கு அந்த எண்ணைச் சொன்னதுமே 'ஐயோ, அதுவா' என்று ஞாபகம் வந்துவிடும்.

முதல் இரண்டு வரிகளைப் பற்றி. ஓடிபி கேட்கலாமா வேண்டாமா என்பது விற்கும் தளத்தின் கையிலும் அந்த நாட்டு விதியின் கையிலும் இருக்கிறது. பல நாடுகளில் கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் இருந்தாலே பணம் போய்விடும், சில தளங்கள் அந்த மூன்று இலக்கத்தைக்கூடக் கேட்பதில்லை. எண் எங்கேயோ திருடப்பட்டிருக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. கார்டு எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கம் எந்த வங்கி என்பதைச் சொல்லும், கடைசி இலக்கம் மற்ற எண்களை வைத்துக் கணக்கிட்டுப் போடும் சரிபார்ப்பு எண். அந்தக் கணக்கு முறை எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. நடுவில் இருப்பதை மென்பொருள் வைத்து ஆயிரக்கணக்கில் அடித்துப் பார்ப்பார்கள், எது ஏற்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒற்றை நாணயத் தொகை. எனவே உங்கள் மேல் தவறு இருக்கிறது என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியில் தாமதிக்காதீர்கள்.

அழைக்கும்போது கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். இணையத்தில் கஸ்டமர் கேர் என்று தேடி வரும் எண்களில் போலி நிறைய. அந்த இரண்டு வரிக்கும் "நானோ ஆட்-ஆன் கார்டு வைத்திருப்பவரோ இதைச் செய்யவில்லை, அனுமதிக்கவும் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அது மோசடிப் புகாராகப் பதிவாகும், கார்டை ரத்து செய்து புது எண் கொடுப்பார்கள். புகார் எண், பேசிய நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் இன்னொரு முறை அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிட்டு, பிறகு 'பதிவே இல்லையே' என்ற பதிலோடு திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்தில் பில்லில் உள்ள பிழையை ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017ல் கொண்டுவந்த விதியில், தவறு உங்கள் பக்கமும் இல்லை வங்கி பக்கமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொல்பவருக்குப் பொறுப்பு எதுவும் கிடையாது, நாள் ஏற ஏற உங்கள் தலையில் விழும் பங்கும் ஏறும். விசா, மாஸ்டர்கார்டு நெட்வொர்க்குகளில் சார்ஜ்பேக் போட, அதாவது வணிகரிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்க, பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் உண்டு, ஆனால் அது வங்கிக்கு இருக்கும் கெடு, உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.


தூரிகை:

கணக்கன்நான் சொன்ன அந்த 'ஒரே மூட்டை' விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு மாதாமாதம் ஒரு தெரியாத பெயரில் பணம் போய்க்கொண்டிருந்தது. கோபத்தில் போன் போட்டு மோசடி என்று சொன்னேன். கார்டை ரத்து செய்து புதுக் கார்டு அனுப்பினார்கள், தற்காலிகமாகப் பணமும் வரவு வைத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு கடிதம். வணிகர் பதில் அனுப்பியிருக்கிறார், அதில் நான் பதிவு செய்த தேதி, என் மின்னஞ்சல், என் வீட்டு இணைய இணைப்பின் முகவரி எல்லாம் இருக்கிறது. படம் திருத்தும் ஓர் ஆப்புக்கு முந்தைய வருடம் நானே இலவச சோதனை எடுத்திருந்தேன். வரவு வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, என் மின்னஞ்சல் முகவரி அச்சில் இருப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இதைவிட என்னை உலுக்கியது அடுத்த மாதம். புதுக் கார்டு, புது எண், அதிலும் அதே சந்தா போயிருந்தது! விசாரித்தபோதுதான் தெரிந்தது, கார்டு மாறினால் புது எண்ணைச் சந்தா வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை ஒன்று நெட்வொர்க்குகளில் இருக்கிறதாம். மின் கட்டணம், காப்பீடு நின்றுபோகாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் கார்டை ரத்து செய்தால் சந்தா நின்றுவிடும் என்று நம்புவது தப்பு. முதலில் அந்த ஆப்பிலேயே ரத்து செய்து, ரத்தானதற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். அதற்குப் பிறகும் எடுத்தால் வங்கியில் 'ரத்து செய்த சந்தாவுக்குப் பணம் எடுத்திருக்கிறார்கள்' என்று சொல்ல வேண்டும். அது தனிக் காரணம், மோசடி இல்லை, அந்தப் பெயரில் போனால் வெல்ல வாய்ப்பு அதிகம்.


கணக்கன்நான்:

தூரிகை சொன்னது முழுக்கச் சரி. விசாவில் 'கார்டு நேரில் இல்லாத மோசடி' என்பதற்கு 10.4 என்றும் 'ரத்து செய்த தொடர் சந்தா' என்பதற்கு 13.2 என்றும் தனித்தனிக் குறியீடு உண்டு. 2023 ஏப்ரலில் இருந்து விசாவில் இன்னொன்றும் வந்திருக்கிறது: நீங்கள் முன்பு மறுக்காமல் விட்ட இரண்டு பழைய பரிவர்த்தனைகளைக் காட்டி, சாதனம் அல்லது இணைய முகவரி உட்படக் குறைந்தது இரண்டு விவரங்கள் இதிலும் அதேதான் என்று வணிகர் நிரூபித்தால் மோசடிப் புகார் அப்படியே விழுந்துவிடும். காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.


ஆற்றோரம்:

அந்த ஒற்றை நாணயத் தொகையை விட்டுவிட்டுப் பெரியதற்கு மட்டும் புகார் கொடுத்தால் போதாதா? அதற்கும் ஒரு படிவம், ஒரு விளக்கம் என்று அலைய வேண்டுமா? நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.


பழையவானொலி:

விடவே கூடாது. சின்னதை உங்களுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதே வணிகர், இரண்டு நாள் இடைவெளி. ஒன்றை ஏற்று மற்றதை மறுத்தால் விசாரிப்பவருக்கு என்ன தோன்றும்? இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் சோதித்துப் பார்த்துப் பிறகு அடித்திருக்கிறான் என்ற கதையே விளங்கும்.


வெண்முகில்:

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிலைப் பார்த்ததுமே லாக் செய்துவிட்டேன். பில் ஆகாத பகுதியைத் திறந்தால் அதே பெயரில் மூன்று முயற்சிகள், ஒன்று 'நிலுவையில்' என்று இருக்கிறது, இரண்டு மறுக்கப்பட்டிருக்கின்றன. கை நடுங்கிவிட்டது. பின்பக்க எண்ணுக்கு அழைத்தேன். நிலுவையில் இருப்பதற்கு இப்போது டிஸ்ப்யூட் போட முடியாது, பதிவான பிறகு அழையுங்கள் என்கிறார்கள். இது சரியா? அப்புறம் கட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே.


கணக்கன்நான்:

மன்னியுங்கள், அதை விட்டுவிட்டேன். நிலுவை என்றால் வணிகர் தொகையை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார், இன்னும் எடுக்கவில்லை. சில நாளில் தானாக விழுந்தும் போகலாம், பதிவும் ஆகலாம். அதனால் அவர்கள் சொன்னது வழக்கமான பதில்தான். ஆனால் புகார் கொடுத்தபோது அதுவும் இருந்தது என்று உங்கள் எழுத்துப் புகாரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், திரையைப் படம் பிடித்து இணையுங்கள்.

கட்டுவது: மறுக்கும் தொகையை விசாரணை முடியும்வரை கட்டாமல் வைத்திருக்கலாமா என்று வங்கியிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் அனுமதி உண்டு. மீதித் தொகையைக் கடைசித் தேதிக்குள் முழுதாகக் கட்டிவிட வேண்டும், இதில் தயவுசெய்து கோட்டை விடாதீர்கள், புகார் கொடுத்த கோபத்தில் முழு பில்லையும் நிறுத்திவிட்டு வட்டியும் அபராதமும் வாங்கி, கடன் மதிப்பெண்ணையும் கெடுத்துக்கொண்டவர்களிடம் நான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன், அவர்கள் நியாயம் ஒரு பக்கம் இருந்தும் அந்த வட்டியை என்னால் எடுக்க முடியவில்லை. ஆட்டோபே வைத்திருந்தால் அது முழுத் தொகையையும் எடுத்துவிடும், அதைப் பாருங்கள். தற்காலிக வரவு வந்தால் அது முடிவு இல்லை, விசாரணை பாதகமாக முடிந்தால் திரும்ப எடுப்பார்கள். முடிந்து உங்களுக்குச் சாதகமானால் அந்தத் தொகைமேல் ஏறிய வட்டி, வரி, அந்நிய நாணயக் கட்டணம் எல்லாம் திரும்ப வந்ததா என்று தனியாகச் சரிபாருங்கள். தொகை மட்டும் வந்து கட்டணம் அங்கேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.


சன்னலோரம்:

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இன்னும் ஓரிரு நாளில் 'வங்கியில் இருந்து பேசுகிறோம், உங்கள் மோசடிப் புகார் தொடர்பாக' என்று ஓர் அழைப்பு வந்தாலும் வரலாம். கார்டு எண் யாரிடம் போனதோ அவர்களிடமே தொலைபேசி எண்ணும் இருக்கலாம். கடைசி நான்கு இலக்கத்தைச் சரியாகச் சொல்வார்கள், பணத்தைத் திருப்ப ஓடிபி வேண்டும் என்பார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை. என் அம்மாவுக்கு இப்படித்தான் வந்தது, அவர் ஓடிபியைப் படித்துச் சொல்ல ஆரம்பித்து மூன்றாவது எண்ணில் நான் போனைப் பிடுங்கினேன். ஓடிபி கொடுத்து நடந்த பரிவர்த்தனையை மறுப்பது மிக மிகக் கடினம், நீங்களே ஒப்புதல் கொடுத்ததாகத்தான் பதிவாகும். யார் அழைத்தாலும் வைத்துவிட்டு நீங்களாகப் பின்பக்க எண்ணுக்கு அழையுங்கள்.

கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் ஷாப்பிங் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். சில சமயம் கார்டு எண் கசிந்திருக்காது, கணக்குக்குள் வேறு ஒருவர் நுழைந்திருப்பார், அப்போது புதுக் கார்டைச் சேர்த்ததும் அதுவும் போகும். ஆர்டர் பட்டியலில் நீங்கள் போடாத முகவரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.


வெண்முகில்:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

மூன்றாவது வரி தெரிந்துவிட்டது. தொகையைப் போட்டுத் தேடினேன், என் பெட்டியில் இல்லை, கணவர் பெட்டியில் விளம்பரப் பகுதியில் ரசீது கிடந்தது. மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தரும் ஆப், போன மாதம் சோதனைக்கு எடுத்தது. ஆப் பெயருக்கும் அந்த ஹோல்டிங்ஸ் பெயருக்கும் ஓர் எழுத்துகூட ஒற்றுமை இல்லை. அவர் மேல் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆப்பிலேயே ரத்து செய்து, வந்த மின்னஞ்சலைச் சேமித்துவிட்டோம். அந்தத் தொகையைக் கட்டிவிட்டேன், பயன்படுத்தியது நாங்கள்தானே.

முதல் இரண்டையும் தனியாகப் புகார் கொடுத்தேன். ஊழியர் முதலில் 'வணிகரிடம் பேசிப் பாருங்கள்' என்றார். நானோ கணவரோ செய்யவில்லை, அனுமதிக்கவில்லை என்று கணக்கன்நான் எழுதிய வாக்கியத்தையே திரும்பச் சொன்னேன், உடனே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வகைக் குறியீடு கேட்டேன், 5816 என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஆன்லைன் விளையாட்டுக்குப் பணம் கட்டுவதில்லை என்பதையும் எழுத்தில் சேர்த்தேன். நிலுவையில் இருந்தது ஐந்தாம் நாள் தானாக மறைந்துவிட்டது. மறுத்த தொகையை விட்டு மீதியைக் கட்டலாம் என்று மின்னஞ்சலில் பதில் வந்தது, ஆட்டோபேயை நிறுத்திவிட்டு அப்படியே கட்டினேன். நேற்று தற்காலிக வரவு வந்திருக்கிறது. அந்நிய நாணயக் கட்டணம் அதில் இல்லை, இன்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

சன்னலோரம், நீங்கள் சொன்ன அழைப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. புகார் எண்ணைக் கேட்டேன். சொல்லத் தெரியவில்லை, வைத்துவிட்டேன்.